மணிக்கூடு நீந்தாது

திறந்த நீரில் நீந்துவதற்கு எந்த விளையாட்டு மணிக்கூடு நல்லது? இந்த வருடம் என்னிடம் ஆகக் கூடுதலாகக் கேட்கப்பட்ட கேள்வி இதுதான். நீச்சல் தடாகத்தில் பழகிவிட்டு, ஏரிக்கும் கடலுக்கும் போகத் தொடங்கிய எங்கள் பெடியள் பெட்டையள் இப்போது நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவன் என் சின்னம்மாவின் மகன். 19 வயது. கோடை விடுமுறையில் லா சப்பலில் ஒரு பலசரக்குக் கடையில் பெட்டி இறக்கிச் சேர்த்த காசை அப்படியே மணிக்கூட்டில் போடத் தயாராக நின்றான். எனக்கு அவன் அனுப்பிய பட்டியலில் ஏழு மணிக்கூடுகள். விலை 250 யூரோவில் தொடங்கி 900 யூரோ வரை போனது.

"அக்கா, நீங்கள் எஞ்சினியர்தானே. எது திறம் எண்டு சொல்லுங்கோ."

நான் படித்தது பொறியியல். செய்வது கணினித் துறையில் ஆலோசகர் வேலை. இருப்பது செவ்ரானில். எனக்குப் பழக்கமான விசயம் ஒன்றுதான்: ஒரு கருவி காட்டும் எண்ணை நம்ப முதல், அந்த எண் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்பது. அதனால் "எது திறம்" என்ற கேள்வியைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு, "தண்ணீருக்குள் இந்த மணிக்கூடு எதை அளக்கிறது" என்ற கேள்வியில் இருந்து தொடங்கினோம். நீங்களும் அங்கிருந்து தொடங்குங்கள். காசு மிச்சம் பிடிக்கலாம். அதைவிடப் பெரிய லாபமும் உண்டு, பின்னால் சொல்கிறேன்.

எங்கே நீந்துவது?

செவ்ரானில் இருப்பவர்களுக்கு உர்க் கால்வாயைத் தெரியும். சுமார் 100 கிலோமீற்றர் ஓடிவந்து, எங்கள் ஊரை ஊடறுத்துப் பரிஸுக்குள் போய், லா வில்லெத் நீர்த்தேக்கத்தில் சேர்கிறது. அங்கிருந்து லா சப்பலுக்கு நடந்தே போகலாம். ஆனால் செவ்ரான் பக்கத்தில் கால்வாய்க்குள் இறங்க அனுமதி இல்லை. லா வில்லெத்தில் 2017 முதல் கோடை காலத்தில் காவலர்களோடு நீந்த இடம் ஒதுக்குகிறார்கள். செய்ன் நதியில் 1923 முதல் இருந்த தடைக்குப் பிறகு, 2025 ஜூலையில் பரிஸுக்குள் மூன்று இடங்களைப் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். எங்கள் பக்கத்தில் என்றால் தோர்சி, ஜப்லின் ஏரிக்கரைகள் இருக்கின்றன. கடல் என்றால் நோர்மண்டி. செய்ன்ட் லசார் நிலையத்தில் ரெயில் ஏறினால் சுமார் இரண்டு மணித்தியாலத்தில் ட்ரூவில்.

இந்த இடங்கள் எல்லாம் ஒன்றல்ல. மணிக்கூடும் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி வேலை செய்யாது.

தடாகத்தில் எண்ணுகிறது, ஏரியில் ஊகிக்கிறது

நீச்சல் தடாகத்தில் மணிக்கூட்டின் வேலை சுலபம். தடாகம் 25 மீற்றரா 50 மீற்றரா என்று நீங்கள் சொல்லிவிடுகிறீர்கள். சுவரைத் தொட்டுத் திரும்பும்போது கை அசைவு மாறுவதை உள்ளே இருக்கும் அசைவு உணரி பிடித்துக்கொள்ளும். பிறகு வெறும் பெருக்கல்தான். செய்மதி எதுவும் தேவையில்லை.

ஏரியிலும் கடலிலும் சுவர் கிடையாது. அங்கே ஜிபிஎஸ் தேவை. ஜிபிஎஸ் சமிக்ஞை விண்ணில் இருந்து வரும் மிக மெல்லிய ரேடியோ அலை. அதன் அதிர்வெண் சுமார் 1.5 கிகாஹேட்ஸ். அந்த அலையைத் தண்ணீர் ஒரு சில சென்ரிமீற்றருக்குள்ளேயே விழுங்கிவிடும். கை தண்ணீருக்குள் இருக்கும் வரை உங்கள் மணிக்கூட்டுக்குக் கண் தெரியாது. கிரோல் நீச்சலில் கை வெளியே வந்து முன்னால் போகும் அந்த ஒரு கணத்துக்குள் செய்மதிகளைப் பார்த்து, இடத்தைக் கணித்து, தவறவிட்ட பகுதியை அசைவு உணரியின் உதவியோடு நிரப்பிக்கொள்கிறது. தவளை நீச்சலில் கை வெளியே வருவதே அரிது. அதனால்தான் தவளை நீச்சல்காரரின் பாதை வரைபடத்தில் குடிகாரன் நடந்த மாதிரி இருக்கும்.

இதை நானே ஏரியில் பார்த்தேன். ஒரே மஞ்சள் மிதவைகளைச் சுற்றி ஒரே பாதையில் நீந்தினேன். ஒரு மணிக்கூடு மணிக்கட்டில், இன்னொன்று நீச்சல் தொப்பிக்குள், தலையின் பின்பக்கம். தலை பெரும்பாலும் தண்ணீருக்கு மேலே இருப்பதால் தொப்பிக்குள் இருந்தது நேரான கோடு கீறியது. மணிக்கட்டில் இருந்தது வளைந்து வளைந்து போய், ஒரு இடத்தில் என்னைக் கரையில் இருந்த மரத்துக்குள்ளால் நீந்த வைத்திருந்தது. பின்னால் இழுத்துச் செல்லும் மிதவைப் பையில் மணிக்கூட்டை வைத்தாலும் கோடு நேராகும். ஆனால் அப்போது நேரத்தைப் பார்க்க முடியாது, கை வீச்சையும் அது எண்ணாது.

இப்போது வரும் விலை கூடிய மணிக்கூடுகள் இரண்டு அலைவரிசைகளில் செய்மதிகளைக் கேட்கின்றன. உயர்ந்த கட்டடங்களுக்கு நடுவே ஓடுபவர்களுக்கு அது பெரிய உதவி. நீந்துபவருக்கும் கொஞ்சம் உதவும். ஆனால் தண்ணீருக்குள் இருக்கும் கைக்கு இரண்டு அலைவரிசையும் ஒன்றுதான், இரண்டும் கேட்காது.

இதயத் துடிப்பும் இதே கதைதான். மணிக்கட்டில் பச்சை வெளிச்சம் அடித்து இரத்த ஓட்டத்தைப் பார்க்கும் உணரிக்கு, தோலுக்கும் மணிக்கூட்டுக்கும் நடுவே தண்ணீர் புகுந்தால் குழப்பம். குளிரில் தோலுக்கு வரும் இரத்தம் குறைந்தால் இன்னும் குழப்பம். சரி, நெஞ்சுப் பட்டி கட்டலாமா? அது பேசுவது புளூடூத்தில், அதுவும் தண்ணீரைத் தாண்டாது. அதனால்தான் கார்மினின் எச்ஆர்எம்-புரோ போன்ற பட்டிகள் துடிப்பைத் தங்களுக்குள் சேமித்து வைத்து, நீங்கள் கரையேறிய பிறகு மணிக்கூட்டுக்குக் கொடுக்கின்றன. வீட்டில் இருந்து வரைபடம் பார்க்க நல்லது. நீந்திக்கொண்டு இருக்கும்போது பயன் இல்லை.

கடையில் பார்க்க வேண்டியவை

முதலில், "திறந்த நீர் நீச்சல்" என்ற தெரிவு உண்டா என்று பாருங்கள். நீச்சல் என்று பெட்டியில் போட்டிருந்தால் மட்டும் போதாது. கார்மின் போரன்னர் 55 நல்ல ஓட்ட மணிக்கூடுதான், ஆனால் அதில் தடாக நீச்சல் மட்டும்தான். கோரோஸ் பேஸ் 3 விலை குறைந்த வரிசையில் இருந்தாலும் அதில் திறந்த நீர் நீச்சல் உண்டு, நைலோன் பட்டியோடு எடை 30 கிராம்தான். நீந்தும் கைக்கு எடை முக்கியம்.

இரண்டாவது, பொத்தான். ஈரத்தில் தொடுதிரைக்கு உங்கள் விரலும் ஒன்று, அலையும் ஒன்று. அதனால் நீச்சலின்போது தொடுதிரையைப் பூட்டி வைப்பார்கள். அப்பிள் வாட்ச்சிலும் இந்தப் பூட்டு உண்டு. விறைத்த விரலால், பார்க்காமலே அழுத்தக்கூடிய பொத்தான் உள்ளதைத் தேடுங்கள். கடைக்குப் போனால் கண்ணை மூடிக்கொண்டு அழுத்திப் பாருங்கள், விற்பனையாளர் சிரித்தால் சிரிக்கட்டும்.

மூன்றாவது, அதிர்வு. தலை தண்ணீருக்குள் இருக்கும்போது ஒலி கேட்காது. குறித்த நேரத்துக்கு ஒருமுறை மணிக்கட்டில் பலமாக அதிர வேண்டும்.

நான்காவது, நீர்காப்பு. 5 ஏடிஎம் என்றால் 50 மீற்றர் ஆழத்துக்குச் சமமான நிலையான அழுத்தத்தில் சோதிக்கப்பட்டது என்று அர்த்தம். 50 மீற்றருக்குச் சுழியோடலாம் என்று அர்த்தம் இல்லை. மேற்பரப்பில் நீந்த 5 ஏடிஎம் காணும். அதற்கு மேல் காசு கொடுக்க வேண்டியதில்லை. கடலில் இருந்து வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவுங்கள், உப்பு பொத்தான் இடுக்கில் காய்ந்தால் இறுகிவிடும்.

இந்த நான்கும் 250 யூரோவுக்குக் கிட்டக் கிடைக்கின்றன. 900 யூரோவில் கூடுதலாகக் கிடைப்பது பெரும்பாலும் நல்ல உலோகம், வரைபடம், நீண்ட பற்றரி, பளிச்சென்ற திரை. மலையேறுபவருக்கு அவை தேவை. ஒரு மணித்தியாலம் நீந்துபவருக்கு?

அந்த வேகம் யாருடையது?

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறோம். மணிக்கூட்டின் ஜிபிஎஸ் துல்லியமாகவே வேலை செய்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் அது அளப்பது உங்கள் மணிக்கட்டு பூமியின் மேல் எவ்வளவு தூரம் நகர்ந்தது என்பதை. நீங்கள் எவ்வளவு நீந்தினீர்கள் என்பதை அல்ல. ஏரியில் இரண்டும் ஏறக்குறைய ஒன்று. நதியிலும் கடலிலும் ஒன்றல்ல.

2024 ஒலிம்பிக்கில் 10 கிலோமீற்றர் நீச்சல் செய்ன் நதியில் நடந்தது நினைவிருக்கும். ஆறு சுற்று. நீரோட்டத்தோடு வரும்போது பறந்து வந்தவர்கள், எதிர்த்துப் போகும்போது ஓட்டம் குறைந்த கரைச்சுவரோடு ஒட்டிக்கொண்டு ஊர்ந்தார்கள். உலகின் மிகச் சிறந்தவர்களுக்கே அப்படி.

ஒரு சின்னக் கணக்கு. நீங்கள் 100 மீற்றரை 2 நிமிடத்தில் நீந்துபவர் என்று வையுங்கள். நீரோட்டம் செக்கனுக்கு வெறும் 30 சென்ரிமீற்றர். ஓட்டத்தோடு போனால் மணிக்கூடு 100 மீற்றருக்கு 1 நிமிடம் 28 செக்கன் என்று காட்டும். எதிர்த்துத் திரும்பினால் சுமார் 3 நிமிடம் 8 செக்கன். போகும்போது கிடைத்த லாபம் வரும்போது போன நட்டத்தைச் சரிக்கட்டாது. 500 மீற்றர் போய் 500 மீற்றர் திரும்ப, ஓட்டம் இல்லாவிட்டால் 20 நிமிடம். இந்தச் சின்ன ஓட்டத்தில் 23 நிமிடம். அந்த மேலதிக நேரம் முழுவதும் நீங்கள் களைத்த பிறகு வருகிறது. அதனால் ஒரு சட்டம் வைத்துக்கொள்ளுங்கள்: முதலில் நீரோட்டத்தை எதிர்த்து நீந்துங்கள், திரும்பும்போது அது உங்களைக் கொண்டுவந்து விடட்டும்.

அம்மாவின் கேள்வி

நாங்கள் இதையெல்லாம் சமையலறை மேசையில் கதைத்துக்கொண்டு இருந்தபோது, அம்மா தேத்தண்ணி ஆற்றிக்கொண்டு கேட்டா: "எல்லாம் சரி. உந்த மணிக்கூடு பிள்ளையைக் கரைக்குக் கொண்டுவந்து சேர்க்குமோ?"

அம்மா வல்வெட்டித்துறைக்காரி. அவவுக்குக் கடல் என்றால் ஆழிக்குமரன் ஆனந்தன். உங்களில் பலருக்கு அந்தப் பெயர் தெரியாமல் இருக்கலாம். 1954 இல் தொண்டைமானாற்றைச் சேர்ந்த நவரத்தினசாமி பாக்கு நீரிணையை நீந்திக் கடந்தார். 1971 இல் வல்வெட்டித்துறை ஆனந்தன் இலங்கையில் இருந்து இந்தியாவுக்கு நீந்தி, திரும்பியும் நீந்தி வந்தார். மொத்தம் 51 மணித்தியாலம். அம்மா அப்போது பள்ளிக்கூடப் பிள்ளை. அதே ஆனந்தன் 1984 ஓகஸ்டில் ஆங்கிலக் கால்வாயைக் கடக்கும் முயற்சியில் உயிரிழந்தார். நாங்கள் கோடையில் ரெயில் ஏறிப்போய்க் காலை நனைக்கும் அதே கடல். 51 மணித்தியாலம் நீந்திய உடம்பு அது. அம்மாவின் கேள்விக்குப் பின்னால் இருந்தது இந்தக் கணக்கு.

பாக்கு நீரிணை வெதுவெதுப்பான நீர். ஆங்கிலக் கால்வாய் கோடையிலேயே 15 முதல் 18 பாகைதான். அதோடு வற்றுப்பெருக்கு. கால்வாயின் ஆக ஒடுக்கமான இடம் சுமார் 33 கிலோமீற்றர். 1875 இல் அதை முதன்முதலாக நீந்திக் கடந்த மத்தியூ வெப் எடுத்த நேரம் 21 மணி 45 நிமிடம். அவர் சென்ற பாதை 60 கிலோமீற்றருக்கு மேல் என்று கணக்கிடுகிறார்கள். வற்றும் நீரும் பெருகும் நீரும் அவரைப் பக்கவாட்டில் இழுத்துக்கொண்டே இருந்தன. அவர் கையில் இன்றைய ஜிபிஎஸ் இருந்திருந்தால் அந்த வேகத்தைப் பார்த்து அவரே சிரித்திருப்பார்.

சரி, அப்படியானால் கால்வாய் நீந்துபவரை எப்படிக் கவனிக்கிறார்கள்? பக்கத்தில் ஒரு படகு. அதில் ஒரு பார்வையாளர். அவர் குறித்த இடைவெளியில் நேரத்தைப் பார்த்து, நீந்துபவரின் கை ஒரு நிமிடத்துக்கு எத்தனை முறை விழுகிறது என்று எண்ணிக் கொப்பியில் எழுதுவார். வேகத்தை நீரோட்டம் கூட்டும், குறைக்கும். கை வீச்சின் எண்ணிக்கையை நீரோட்டம் தொடாது. உடம்பு களைத்தால், குளிர் உள்ளே இறங்கினால், அந்த எண் விழத் தொடங்கும். நீந்துபவருக்கே அது தெரியாமல் இருக்கலாம். குளிர் முதலில் தின்பது நிதானத்தைத்தான்.

இதை நான் சொன்னதும் அம்மா ஒரு கொப்பியையும் பென்சிலையும் எடுத்துக் கைப்பைக்குள் வைத்தா. "நானும் வாறன்" என்றா. 2004 சுனாமிக்குப் பிறகு கடற்கரைப் பக்கமே வர மறுத்த மனிசி.

ட்ரூவிலில் அவன் என் பழைய மணிக்கூட்டைக் கட்டிக்கொண்டு, மஞ்சள் மிதவைகளுக்கு உட்பக்கம், கரைக்குச் சமாந்தரமாக நீந்தினான். நான் பக்கத்தில். அம்மா கரையில் தன் சின்னக் கைமணிக்கூட்டைப் பார்த்து எண்ணினா. முதல் வரி 58. பிறகு 57. பிறகு 54. அவன் திரும்பி ஓட்டத்தோடு வரத் தொடங்கியபோது மணிக்கூடு 1 நிமிடம் 30 செக்கன் காட்டியது. அவன் வாழ்க்கையில் அப்படி வேகம் பார்த்ததில்லை. எனக்குப் பெருவிரலைக் காட்டினான். அந்த நேரம் அம்மாவின் கொப்பியில் 49. அவ எழும்பி நின்று சால்வையை வீசினா. நான் அவனைக் கரைக்குத் திருப்பினேன்.

வெளியே வந்தபோது உதடு நீலம். கதைக்கும்போது சொற்கள் ஒட்டின. "அக்கா, இப்பதான் நல்லாப் போகுது, ஏன் நிப்பாட்டினீங்கள்?" என்று கேட்டான். உடம்பு வெளியே வந்த பிறகும் கொஞ்ச நேரம் குளிர்ந்துகொண்டே போகும் என்பதால், அம்மா ஈர உடுப்பைக் கழற்றச் சொல்லி, தொப்பி போட்டு, இரண்டு கம்பளிச் சட்டை மாட்டி, இஞ்சித் தேத்தண்ணி பருக்கினா. அரை மணித்தியாலத்தில் சரியாகிவிட்டான். பிறகு கொப்பியை வாங்கிப் பார்த்தான். 58, 57, 54, 49. ஒன்றும் கதைக்கவில்லை.

காசை எங்கே போடுவது?

ஒரு நல்ல செய்தி: கை வீச்சை எண்ணும் வேலையை மணிக்கூடும் செய்யும். அதற்குச் செய்மதி தேவையில்லை, அசைவு உணரி போதும். திறந்த நீரில் அது தரும் எண்களில் நான் ஆகக் கூடுதலாக நம்புவது இதைத்தான். விலை குறைந்ததிலும் இது உண்டு. ஆனால் முதல் திரையில் பெரும்பாலும் தூரமும் வேகமும்தான் இருக்கும், நீங்கள்தான் மாற்ற வேண்டும். என் திரையில் இப்போது இரண்டே வரி: கழிந்த நேரம், நிமிடத்துக்குக் கை வீச்சு. 10 நிமிடத்துக்கு ஒருமுறை அதிரும். அதிரும்போது தலையைத் தூக்கிக் கரையைப் பார்ப்பேன், கை வீச்சைப் பார்ப்பேன். தொடங்கியதை விடத் தெளிவாகக் குறைந்திருந்தால், வேகம் என்ன காட்டினாலும் திரும்புவேன்.

அவன் கடைசியில் வாங்கியது தன் பட்டியலில் ஆக மலிவானதை. மிச்சக் காசில் ஒரு செம்மஞ்சள் மிதவைப் பை, பளிச்சென்ற தொப்பி, குளிர்நீர் நீச்சல் உடுப்பு, ஒரு நீச்சல் கழகத்தில் வருடச் சந்தா. அங்கே அவனோடு சேர்ந்து தண்ணீரில் இறங்க ஆட்கள் கிடைத்தார்கள். அது எந்தப் பெட்டிக்குள்ளும் வராது.

நீங்கள் வாங்கப் போகும்போது இந்த ஒழுங்கில் யோசியுங்கள். முதலில் நீச்சல், பிறகு கூட்டாளி, பிறகு மிதவை, பிறகு உடுப்பு, ஐந்தாவதாக மணிக்கூடு. காவலர் உள்ள இடத்தில், காவலர் உள்ள நேரத்தில் இறங்குங்கள். மஞ்சள் மிதவைகள் குறிக்கும் 300 மீற்றர் எல்லைக்குள் இருங்கள். பிரெஞ்சுக் கடற்கரையில் ஆபத்து என்றால் 196, வேறெங்கும் 112. இந்த இரண்டு எண்களும் இலவசம்.

இன்னும் ஒன்று. தண்ணீரில் இறங்க முதல், கரையில் இருக்கும் ஒருவரிடம் நீங்கள் திரும்பி வரும் நேரத்தைச் சொல்லிவிட்டு இறங்குங்கள். அது அம்மாவாக இருந்தால் இன்னும் நல்லது. அவ மணிக்கூட்டைப் பார்ப்பதை நிறுத்தவே மாட்டா.